ஃபீஸ் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: என் மகன் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தான். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சீட் கிடைத்திருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் கணவருக்குச் சம்பளம் சரியாக வராததால் கடைசி டெர்ம் ஃபீஸ் கட்டவில்லை. நீட் கோச்சிங் என்று தனியாகக் கேட்ட 25,000 ரூபாயில் 10,000 கட்டினோம். இரண்டே மாதத்தில் வகுப்பு நின்றுவிட்டது. இரண்டு பாக்கியையும் கட்டினால்தான் டி.சி.யும் மார்க் ஷீட்டும் தருவோம் என்கிறார்கள். பேசப் போன என் அண்ணன் சத்தம் போட்டுவிட்டார். அந்தக் கோபத்தில் டி.சி.யில் மகனின் நடத்தையைத் தவறாக எழுதிவிடுவார்களோ? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: நிறுத்தி வைக்க முடியாதம்மா. டி.சி. என்பது ஃபீஸ் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. டி.சி. படிவத்தில் ‘செலுத்த வேண்டிய கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டதா’ என்று ஒரு வரி இருக்கும். அதில் பாக்கி என்று எழுதுவதும் கூடாது என்பது அதே தீர்ப்பு. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்குச் சட்டப்படி வேறு வழி உண்டு. பதினேழு வயதுப் பையனின் சீட்டைப் பணயம் வைப்பது அந்த வழி அல்ல.

மார்க் ஷீட் அரசுத் தேர்வுகள் இயக்ககம் உங்கள் மகனுக்குக் கொடுப்பது. பள்ளி அதைக் கையில் சேர்க்கும் இடம் மட்டுமே. தற்காலிக மதிப்பெண் பட்டியலை இணையத்திலேயே எடுக்கலாம். கல்லூரியில் முதலில் அதைக் கொடுத்து, டி.சி.க்கு அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.

பள்ளியில் இனி வாய்ப்பேச்சு வேண்டாம். தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகும் தரவில்லையா? அந்த நகலோடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

அதற்காக டெர்ம் ஃபீஸைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையன் படித்த படிப்புக்கான பணம் அது, கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதைப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. நிர்ணயித்த தொகையைக் கேட்டு, ரசீதுகளோடு ஒப்பிட்டு, மீதியைத் தவணையில் தருகிறோம் என்று அந்த விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். உங்கள் பக்கம் சுத்தமாக இருந்தால் அதிகாரியிடம் பேசுவது சுலபம்.

நுகர்வோர் ஆணையம் டி.சி.க்கு ஏற்ற இடம் அல்ல. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின்படி சேவை அளிப்பவை அல்ல என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டியே பள்ளி வக்கீல் வாதாடுவார். உங்களுக்கோ நாள் குறைவு. கோச்சிங் விஷயம் வேறு. கோச்சிங் நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த 10,000 ரூபாய் ரசீதை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வெளி நிறுவனத்தின் பெயர் இருந்தால் உங்கள் வழக்கு பலமானது. பள்ளியின் பெயர் என்றால் பழைய வாதமே மறுபடியும் வரும். 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதால் அட்மிஷன் முடிந்தபின் நிதானமாகப் போடலாம்.

அண்ணன் சத்தம் போட்டதற்கும் மகனின் நடத்தைக்கும் சம்பந்தமில்லை. டி.சி.யை வாங்கியதும் அலுவலகத்தில் நின்றபடியே நடத்தைக் கட்டத்தைப் படியுங்கள். தவறாக இருந்தால் உடனே திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலையும் கல்வி அலுவலரிடம் சேருங்கள்.