நோபல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் அப்பா ஹான் ஸுங்வோனும் நாவலாசிரியராமே? அவரை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

கொரிய மொழி தெரிந்தால் ‘மரப்படகு’ சிறுகதையில் தொடங்குங்கள். தெரியாவிட்டால், ஆங்கிலத்தில் வந்திருக்கும் ‘தந்தையும் மகனும்’ நாவல். எதை எடுத்தாலும், அதற்கு முன்னால் கிம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சோற்றை வைத்துச் சுருட்டுகிறார்களே, அந்தக் கறுப்புக் கடற்பாசித் தாள்தான் கிம்.

ஹான் ஸுங்வோன் 1939-இல், கொரியாவின் தென்கரையில் ஜாங்ஹுங்கில் பிறந்தவர். சியோலில் எழுத்தாளர் கிம் தோங்-ரியிடம் எழுத்துப் பயில்வதற்கு முன், ஊரில் கிம் வளர்ப்பில் உழைத்தவர். அந்தத் தொழில் முழுக்கக் கைவேலையாக இருந்த காலம் அது. ஆழம் குறைந்த கடலில் கழி நட்டு மூங்கில் தட்டிகளைக் கட்டுவார்கள். இலையுதிர் காலத்தில் பாசி வித்து அதில் ஒட்டும். பாசி பறிப்பது கடுங்குளிரில், சிறு படகில் போய், வெறும் கையால். பறித்ததைக் கழுவி, விடிவதற்குள் கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்தி, நல்ல தண்ணீரில் கலக்குவார்கள். சின்னக் கோரைப்பாயின் மேல் மரச்சட்டம் வைத்து அந்தக் கரைசலை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். கை கொஞ்சம் தயங்கினால் தாள் ஒரு பக்கம் தடிக்கும், இன்னொரு பக்கம் ஓட்டை விழும். பிறகு பாயோடு எடுத்து வைக்கோல் தட்டியில் குத்திக் காயவைப்பார்கள். வெயில் ஏறும்போதே தட்டியில் இருந்தால்தான் அன்றைக்கே காயும். மழையோ பனியோ பிடித்துக்கொண்டால் மினுமினுப்புப் போய்விடும், விலையும் விழுந்துவிடும். 100 தாள் சேர்ந்தால் ஒரு ‘தோத்’, அதுதான் சந்தைக் கணக்கு.

1968-இல் ஒரு நாளிதழின் புத்தாண்டு இலக்கியப் போட்டியில் வென்று அவரை எழுத்தாளராக்கிய ‘மரப்படகு’, இப்படிப் பாசி பறிக்கப் போகும் படகை யார் கொண்டுபோவது என்ற பிணக்கைப் பற்றியது. பறிப்புக் காலத்தில் படகு கிடைக்காவிட்டால் அந்த வருஷ வருமானமே போச்சு. இது தெரியாதவருக்கு, ஒரு ஓட்டைப் படகுக்காகவா இவ்வளவு ஆத்திரம் என்று தோன்றும்.

வாசிக்கும்போது தடுக்குகிற இடங்கள் இரண்டு. ஒன்று, பெண்களின் பெயர். ‘யாங்சான்-தேக்’ என்று வந்தால் அது இயற்பெயர் அல்ல, யாங்சானிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் என்று பொருள். பிறந்த ஊர்தான் அவளுக்குக் கூப்பிடு பெயர். இரண்டு, நீரோட்டக் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிதாக ஏறி வற்றுவது ‘சாரி’. சந்திர மாதத்தின் 8, 23-ஆம் நாள்களை ஒட்டி நீர் மந்தமாகக் கிடப்பது ‘ஜோகும்’. ஜோகும் வந்தால் மீன்பிடிப் படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த நாள்களில் கருவாகி, ஊரில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தென்மேற்குக் கரையில் ‘ஜோகும் குட்டிகள்’ என்றே பெயர். கதையில் இந்தச் சொற்கள் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். யார் கடலில், யார் வீட்டில் என்பதை அவைதான் சொல்கின்றன.

அடுத்து ‘அஜே அஜே பரா அஜே’ நாவல். பௌத்த நூலான பிரக்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தின் ‘கதே கதே பாரகதே’ மந்திரம்தான் கொரிய உச்சரிப்பில் இப்படித் தலைப்பாகியிருக்கிறது. மடத்துக்குள் முக்தி தேடும் ஒரு பிக்குணி, மனிதர்களின் அழுக்குக்கும் துயரத்துக்கும் நடுவில் தேடும் இன்னொருத்தி. இம் க்வோன்-தேக் இதைப் படமாக்கினார். அதில் நடித்த காங் சூ-யோனுக்கு 1989 மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. படத்தை முதலில் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தாலும் பாதகமில்லை.

வரலாற்று நாவல் பிடிக்குமென்றால் 2005-இல் வந்த ‘ஹுக்சான்தோ வான்வழி’. 1801-இல் கத்தோலிக்கர் மீதான அடக்குமுறையில் நாடுகடத்தப்பட்டு, ஹுக்சான் தீவில் மீன்களையும் பாசிகளையும் பற்றி 1814-இல் நூல் எழுதி முடித்த அறிஞர் ஜொங் யாக்-ஜொன் பற்றியது. கடலோரத்தில் வளர்ந்தவர் கையில் அந்த மனிதர் கிடைத்தது நம் பாக்கியம்.

மகளின் சாயலை இவரிடம் தேடிப் போகாதீர்கள், ஏமாற்றமே மிஞ்சும். ஹான் காங்கின் மொழி ஒடுங்கியது, உள்நோக்கியது. இவருடையது வட்டார வழக்கும் வசவும் காமமும் உப்புக்காற்றும் கலந்து ததும்புவது. 1990-களில் சியோலை விட்டு ஜாங்ஹுங்கின் யுல்சான் கிராமத்துக்கே திரும்பி வந்து எழுதியவர். அருகில் யொதாஜி கடற்கரையில் அவர் கவிதைகள் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே போக வாய்த்தால் வற்று நேரம் பார்த்துப் போங்கள். ஏற்றத்தில் வெறும் நீர்ப்பரப்பு மட்டும்தான் தெரியும், அவர் மனிதர்கள் இறங்கி வேலை செய்யும் சேறு கண்ணில் படாது.