நகையை அடகு வைக்கும் முன் வருமானச் சான்று வாங்குங்கள்

கேள்வி: திண்டுக்கல் அருகே என் கணவர் தேநீர்க்கடை நடத்துகிறார். செலவு போக மாதம் 9,000 ரூபாய்தான் நிற்கும். அவருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூ தேறியிருக்கிறாள். பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். கையில் இருப்பது 12 பவுன் நகை. “வைத்தியமும் படிப்பும் அவரவர் சம்பாதித்துச் செய்துகொள்ள வேண்டியவை. அரசாங்கத்திடம் கை நீட்டினால் ஊரில் மரியாதை இருக்காது” என்கிறார் கணவரின் அண்ணன். மகளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார். நகையை வைத்து இரண்டையும் முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அடகுக் கடையில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் வாங்கினால் வட்டி மட்டுமே மாதம் 6,000 ரூபாய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு உங்கள் கணவர் சில மாதங்களாவது அடுப்படியில் நிற்க முடியாது. கடை பூட்டியிருக்கும்போது வட்டியை எங்கிருந்து கட்டுவீர்கள்? நகை மூழ்கிப் போகும்.

உங்கள் ஆண்டு வருமானம் 1,08,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அந்தத் திட்டம் ஏற்கும். பைபாஸும் அதில் அடங்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். பக்கத்தில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே இதய அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தனியார் மருத்துவமனைதான் வேண்டும் என்றால், அது திட்டத்தில் சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். காப்பீட்டு ஒப்புதல் வந்த பிறகு அனுமதியுங்கள். அதற்குமேல் ரொக்கம் கேட்டால் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்குப் புகார் செய்யுங்கள்.

இனி உங்கள் கணவரின் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் யாரிடமும் கை நீட்டவில்லை. தேநீர்க்கடைக்கு வாங்கும் வணிக சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள். உடுத்தும் துணிக்கும் போடும் செருப்புக்கும் கட்டுகிறீர்கள். வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் என்று நினைப்பது பெரிய தவறு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு உங்கள் கணவரின் இதயத்துக்குத் திரும்பி வருவதில் என்ன மரியாதைக் குறைவு?

மருத்துவத்துக்கும் படிப்புக்கும் அரசு துணை நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நெஞ்சுவலி வந்தவர் நாலு கடை ஏறி இறங்கி விலை பேச முடியாது. 17 வயதுப் பெண் தன் படிப்புக்குத் தானே சம்பாதித்துச் சேர்த்திருக்கவும் முடியாது. 2021-22 கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது 39.4 சதவீதம், 2013-14-இல் அது 64.2 சதவீதமாக இருந்தது. அரசு கூடுதலாகச் செலவிட்டதும் இந்த இறக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அதே 2021-22-இல் உயர்கல்விக்குப் போவோர் விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பல தலைமுறைகளாக அரசு பள்ளிக்கும் கல்லூரிக்கும் போட்ட பணம் அதில் தெரிகிறது.

எனக்குள்ள வருத்தம் வேறு. 1,20,000 என்றால் மாதம் 10,000 ரூபாய். மாதம் 15,000 சம்பாதிக்கும் ஓட்டுநரின் குடும்பம் இந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. பைபாஸ் செலவை அவரால் மட்டும் எப்படிச் சமாளிக்க முடியும்? இந்த வரம்பைக் கட்டாயம் உயர்த்த வேண்டும்.

மகள் விஷயத்தில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். அதே பெண் அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. முழுக் கட்டணமும் உங்கள் தலையில்தான். உள் ஒதுக்கீட்டில் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை உண்டு. எப்படிச் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

காப்பீட்டில் வராத செலவுகளும் இருக்கின்றன: மதுரைக்குப் போய்வரும் செலவு, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, கடை பூட்டிய மாதங்களின் வாடகை. இவற்றுக்குப் பணம் பற்றாவிட்டால் 2 பவுனை மட்டும் வங்கியில் வையுங்கள். அடகுக் கடைப் பக்கம் போகாதீர்கள். மிச்சம் 10 பவுனைத் தொட வேண்டாம்.

வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் ஒரே நாளில் விண்ணப்பித்துவிடலாம். கலந்தாய்வுப் பதிவுக்குக் கடைசித் தேதி எது என்பதை மகளை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தவறவிட்டால் இந்தச் சலுகைகள் கைநழுவிப் போகலாம்.