கையுறை கடைசி வரியில்

அன்புள்ள அக்கா,

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். விமானப் பராமரிப்பில் டிப்ளோமா முடித்ததும், சுபாங்கில் பராமரிப்புக் கையேடு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. “பிளேன்ல கையே வைக்காம பேப்பர் எழுதுற வேலையா?” என்கிறார் அப்பா. என் ஆங்கிலமும் சுமார்தான். நீங்கள் பல வருடம் அந்த வேலையில் இருந்தவர். போகலாமா?

ர.

அன்புள்ள தம்பி,

தாராளமாகப் போங்கள்.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். கையேட்டைப் பிரித்துப் பார்க்கிற மெக்கானிக்குகளில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களுக்காகவே ஐரோப்பிய விமானத் துறையினர் 1986இல் ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார்கள். இன்று அதற்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். ‘க்ளோஸ்’ என்றால் மூடு. ‘பக்கத்தில்’ என்ற பொருளில் எழுதக் கூடாது. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான். ஆங்கிலத்தை அகராதி பார்த்துப் பார்த்துப் படித்த நமக்கு ஒரு சொல் எங்கே இரண்டு பக்கம் இழுக்கும் என்று தெரியும். வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். அப்புறம் ஸ்டோரில் பால் உறைய வைக்கும் வேலை. ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து பாலில் ஊற்றுவார்கள். சுவரில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். முதல் நாள் கிராணி (தோட்டத்து எழுத்தர்) அதை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா செய்துகொண்டே போனார். ‘கையுறை போடவும்’ என்பது கடைசி வரி. அதை அவர் படித்தபோது அம்மாவின் மணிக்கட்டில் ஆசிட் தெறித்து வெந்துபோயிருந்தது. வெள்ளிக் காசு அளவுக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

விமானக் கையேட்டில் எச்சரிக்கை எப்போதும் வேலைக்கு முன்னால் வரும். ஆளுக்கு ஆபத்து என்றால் ‘வார்னிங்’, பொருளுக்குச் சேதம் என்றால் ‘காஷன்’. இந்த விதியை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். 1990 ஜூன் 10 அன்று, பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி ஒன்று நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடம்பு பாதி வெளியே இழுக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே தரையிறங்கினார்கள், அவர் பிழைத்துவிட்டார். அதற்கு முன்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். பாகங்களின் பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்ததில், 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சிறுத்திருந்தன. பட்டியலைப் பார்த்திருந்தால் சரியான எண் அதில் இருந்தது. அவசர வேலைக்கு நடுவிலும் ஒருவர் சலிக்காமல் புரட்டிப் பார்க்கிற மாதிரி எழுதுவதுதான் நம் வேலை என்று நான் நினைக்கிறேன்.

பிளேனில் கை வைக்காமல் இந்த வேலை ஆகாது. ஒருமுறை சக்கரக் குழியில் ஒரு போல்ட்டைக் கழற்றும் முறையை எழுதினேன். மேசையில் பார்த்தபோது குறையே தெரியவில்லை. அன்று விடியற்காலை மூன்று மணிக்கு ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்), மெக்கானிக் அண்ணன் ஒருவர் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு அதன்படி செய்தார். போல்ட்டைத் திருப்பத் திருப்ப மறுபக்கம் நட்டும் கூடவே சுற்றியது. அவர் கை அந்தப் பக்கம் எட்டவில்லை. டார்ச்சை எடுத்துவிட்டு, “நட்டைப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும்னு நீ போடலியே தங்கச்சி” என்றார். அங்கேயே உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தேன்.

சேர்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். புல்வெட்டும் மெஷினில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி என்று எளிய ஆங்கிலத்தில் ஒரே பக்கம் எழுதி, அந்த வேலையைச் செய்தறியாத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர் கை எந்த வரியில் தயங்கி நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா