வாசகர் கேள்வி–பதில்: அலுவலகத் தொலைபேசியில் ஒட்டுக்கேட்பைத் தடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் இணையவழித் தொலைபேசிகளைப் பயன்படுத்துகிறோம். விலை பேசுவது, வங்கியோடு பேசுவது எல்லாம் அவற்றில்தான். ‘ஜி.729 கோடெக்குக்கு மாற்றிவிட்டால் குரல் சுருங்கிவிடும், வெளியாரால் கேட்க முடியாது’ என்கிறார் நிறுவித் தந்தவர். இது சரியா? — ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சரியல்ல, இதை நம்பி நீங்கள் இருந்துவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கோடெக் என்பது குரலை எண்களாக்கிச் சுருக்கும் முறை மட்டுமே. அந்த முறை யாவரும் அறிந்தது, அதில் இரகசியச் சாவி எதுவும் கிடையாது. வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் உங்கள் வலையமைப்பின் பாக்கெட்டுகளை (தகவல் பயணிக்கும் சிறு பொட்டலங்களை) பதிவு செய்தால், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு அழைப்பு போனது என்ற பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், ஜி.711 என்ற இன்னொரு பரவலான கோடெக்கில் நடந்த உரையாடல் அப்படியே ஒலிக்கும். ஜி.729-ஐ விரித்துத் தரும் நிரல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

அலுவலகக் கருவிகளை வயரால் இணைக்கும் ஸ்விட்ச் இருப்பதால் அடுத்தவர் கணினிக்குப் பாக்கெட் போகாது என்று சிலர் நம்புவதும் அரைகுறைப் பாதுகாப்புத்தான். ‘நான்தான் ரவுட்டர்’ என்று ஒரு கணினி பொய்யாக அறிவித்தால், தடுப்பு அமைக்கப்படாத ஸ்விட்ச்சில் போக்குவரத்து அதன் வழியாகத் திரும்பிவிடும். குரலைவிட ஆபத்தான ஒன்றும் இதில் உண்டு. வங்கியின் தானியங்கிக் குரல் கேட்கும் இரகசிய எண்ணை நீங்கள் அழுத்தும்போது, பெரும்பாலான தொலைபேசிகள் ஒவ்வோர் இலக்கத்தையும் தனிப் பாக்கெட்டாக, இன்ன எண் என்ற குறிப்போடு அனுப்புகின்றன. மறையாக்கம் (சாவி இல்லாதவரால் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) இல்லையென்றால் அந்த இலக்கங்களை வரிசையாகப் படித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை இரண்டு. அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி செய்திகளை டிஎல்எஸ் என்ற மறையாக்க முறை வழியாக, வழக்கமான 5060-க்குப் பதில் 5061 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயில் எண்ணில்) அனுப்ப வேண்டும். குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகளுக்கு, 2004-இல் வரையறுக்கப்பட்ட எஸ்ஆர்டிபியை, அதாவது ஆர்டிபியின் மறையாக்கப்பட்ட வடிவத்தை, இயக்க வேண்டும். இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கும் அலுவலகங்கள் உண்டு. ஆனால் எஸ்டிஇஎஸ் என்ற பரவலான சாவிப் பரிமாற்ற முறையில் குரலுக்கான சாவி எஸ்ஐபி செய்திக்குள் ‘கிரிப்டோ’ என்ற வரியிலேயே பயணம் செய்கிறது. அந்தச் செய்தி வெளிப்படையாகப் போனால், பூட்டிய கதவிலேயே சாவியைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும்.

அமைப்புப் பக்கத்தில் மறையாக்கத்தை ‘விருப்பம்’ என்று விடாமல் ‘கட்டாயம்’ என்று வையுங்கள். விருப்பமாக விட்டால், மறுமுனை ஒத்துழைக்காதபோது அழைப்பு யாருக்கும் சொல்லாமல் வெளிப்படையாகவே நடந்துவிடும். அழைப்புகளை இணைத்துவிடும் அலுவலக இணைப்பகமான பிபிஎக்ஸின் சான்றிதழை (அது உண்மையானதுதான் என்று காட்டும் மின்னணு அடையாளத்தை) தொலைபேசிகள் சரிபார்க்கும்படியும் அமையுங்கள். அவற்றின் கடிகாரம் தவறாக இருந்தால் சரியான சான்றிதழ்கூட நிராகரிக்கப்படும் என்பதால், நேரத்தை முதலில் பாருங்கள். ஒரு வரம்பையும் அறிந்திருங்கள்: இந்த மறையாக்கம் பிபிஎக்ஸ் வரைக்கும்தான். அங்கே குரலின் மறையாக்கம் நீக்கப்படுகிறது. வெளி எண்ணுக்குப் போகும் இணைப்பிலும் மறையாக்கம் உண்டா என்று சேவை வழங்குநரைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: மறையாக்கம் போட்டால் இணைய வேகம் போதாமல் பேச்சு விட்டுவிட்டுக் கேட்குமா? எந்தக் கோடெக்கைத் தேர்ந்தெடுப்பது? — ஒரு வாசகி, மதுரை

பதில்: கணக்குப் போட்டாலே அச்சம் தீரும். 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் வீதம் அனுப்பும்போது, ஜி.711-இல் குரல் 160 பைட், முகவரி போன்ற விவரங்களைச் சுமக்கும் தலைப்புகள் 40 பைட். ஆக ஒரு திசையில் நொடிக்கு 80 கிலோபிட். ஜி.729-இல் குரல் 20 பைட்டாகக் குறைந்தாலும் தலைப்பு குறையாததால் 24 கிலோபிட் ஆகிறது. எஸ்ஆர்டிபி வழக்கமான அமைப்பில் பாக்கெட்டுக்கு 10 பைட் கூட்டுகிறது, அதாவது வெறும் 4 கிலோபிட். ஒரே நேரத்தில் 10 பேர் ஜி.711-இல் பேசினாலும் 1 மெகாபிட்டுக்குள் அடங்கும். பேச்சு விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், பெரிய கோப்பு ஒன்று பதிவேறும்போது குரல் பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருப்பதே. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் அது சரியாகும்.

வெளி எண்களுக்கு ஜி.711-இன் ஏ-லா வகையே என் பரிந்துரை. இந்தியத் தொலைபேசி வலையமைப்பு பயன்படுத்துவது அதுதான் என்பதால், பிபிஎக்ஸ் வடிவத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அலுவலகத்துக்குள்ளும் வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கும் 2012-இல் வெளியான ஓபஸ் மிகச் சிறந்தது. காப்புரிமைக் கட்டணம் இல்லை, பாக்கெட் தொலைந்தாலும் முந்தைய துண்டை மீட்டுத் தரும் வசதி அதில் உண்டு. ஆனால் ஓபஸை மாறும் வேகத்தில் விடாமல் நிலையான வேகத்தில் அமையுங்கள். மறையாக்கம் பாக்கெட்டின் உள்ளடக்கத்தை மறைக்கும், நீளத்தை மறைக்காது. மாறும் வேகத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் நீளம் வேறுபடுவதால், அந்த நீளங்களை மட்டுமே வைத்துக் குறிப்பிட்ட சொற்றொடர்களை அடையாளம் காண இயலும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். கோடெக் தேர்வு பாதுகாப்பைத் தொடும் இடம் இதுதான்.

கேள்வி: எங்கள் இரு கிளைகளுக்கும் இடையே விபிஎன் இருக்கிறது. இதற்கு மேல் எதுவும் தேவையா? — ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தேவை. விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே அமைக்கும் மறையாக்கப்பட்ட பாதை, இரு ரவுட்டர்களுக்கு இடைப்பட்ட பகுதியைத்தான் காக்கிறது. மேசைத் தொலைபேசியிலிருந்து ரவுட்டர் வரையிலான வயரிலும் வைஃபையிலும் பேச்சுக்கு அந்தக் காப்பு கிடையாது. தொலைபேசிகளைக் கணினிகளிலிருந்து பிரித்துத் தனி விலானில் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து அமைக்கும் தனி வலையமைப்பில்) வைத்து, முதல் பதிலில் சொன்ன இரண்டையும் அங்கேயும் இயக்குங்கள்.