வெயில் ஏறினால் ஓசோனும் ஏறுவது ஏன்?

கேட்டிருப்பது இதுதான்: வெப்பநிலை கூடும் நாட்களில் தரைமட்ட ஓசோனும் (வானத்தில் நம்மைக் காக்கும் படலம் அல்ல, நாம் சுவாசிக்கும் காற்றில் சேரும் தீங்கான ஓசோன்) புகைமூட்டமும் கூடுகின்றன, அப்படியானால் வெப்பம்தான் ஓசோனை உண்டாக்குகிறதா?

நேரடியாக இல்லை. ஓசோனை உண்டாக்குவது சூரிய ஒளி. வெப்பம் அதற்கு எடுபிடி வேலை செய்கிறது. ஆனால் அந்த எடுபிடி இல்லாவிட்டால் பல இடங்களில் பெரிதாக எதுவும் நடக்காது.

வாகனப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடை ஒளி உடைக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனையே தின்று மறுபடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதோடு நின்றிருந்தால் ஓசோன் பெரிதாகச் சேராது. பெட்ரோல் ஆவி, பெயின்ட், தின்னர், மரங்கள் வெளிவிடும் வாயுக்கள் என எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் நடுவில் புகுவதுதான் சிக்கல். அவற்றிலிருந்து பிறக்கும் தனி உறுப்புகள் (எதனோடும் சட்டென வினைபுரியும் நிலையற்ற மூலக்கூறு துண்டுகள்), ஓசோனைச் செலவழிக்காமலே நைட்ரிக் ஆக்சைடை மறுபடி டை ஆக்சைடாக்கிவிடுகின்றன. அப்புறம் ஓசோன் குவிய வேண்டியதுதான்.

வெப்பம் நுழைவது இங்கேதான். சூடு ஏறினால் எரிபொருளும் கரைப்பான்களும் அதிகம் ஆவியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மரங்களும் இதில் கூட்டு என்பது பலருக்குத் தெரியாது. பல மர வகைகள் வெளிவிடும் ஐசோப்ரீன் என்ற கரிம வாயு, சுமார் 40 டிகிரி செல்சியஸ் வரை வெப்பத்தோடு வேகமாகக் கூடிக்கொண்டே போகும். அதற்காக மரத்தை வெட்டச் சொல்லவில்லை! நைட்ரஜன் ஆக்சைடுகள் இல்லாத காற்றில் ஐசோப்ரீன் மட்டும் இருந்து ஓசோனைக் குவித்துவிடாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பெராக்சிஅசிட்டைல் நைட்ரேட், சுருக்கமாக 'பான்'. நைட்ரஜன் டை ஆக்சைடைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும் சேர்மம் இது. மைனஸ் 23 டிகிரிக் குளிரில் மாதக்கணக்கில் தாங்கும். 22 டிகிரியில் அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இன்னும் சூடானால் அதுவும் குறையும். அதாவது குளிரில் அடைபட்டுக் கிடந்திருக்க வேண்டிய மூலப்பொருள், வெப்பத்தில் உடனே காற்றுக்குத் திரும்பி, ஓசோன் வேலையைத் தொடர்கிறது.

போதாக்குறைக்கு, கடும் வெப்ப நாட்களில் பெரும்பாலும் மேகமும் இருக்காது, காற்றும் அசையாது. வறட்சியும் சேர்ந்தால் செடிகள் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால், அவை உறிஞ்சும் ஓசோனும் குறைகிறது.

புகைமூட்டம் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1952 டிசம்பரில் லண்டனை மூடியது நிலக்கரிப் புகையும் கந்தக டை ஆக்சைடும் கலந்த குளிர்காலப் புகைப்பனி. தரையருகே குளிர்ந்த காற்று தங்கிவிட, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல நின்றதால் புகை மேலெழ முடியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கண்களை எரித்தது வேறு ரகம், வெயிலில் பிறந்தது. அதன் வேதியியலை 1950களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித். அதற்கு முன் அவர் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்!

ஒளிதான் முதலாளி என்பதற்கு வலுவான சாட்சி அமெரிக்காவின் வயோமிங், யூட்டா மாநிலங்களின் எண்ணெய், எரிவாயு வயல் பகுதிகள். அங்கே பனி உறைந்த குளிர்காலத்திலும் ஓசோன் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது. பனி ஒளியை எதிரொளிக்கிறது, கிணறுகள் கரிம வாயுக்களைக் கொடுக்கின்றன, அசையாத குளிர்காற்று எல்லாவற்றையும் தரையோடு பிடித்துவைக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஓசோன் பொதுவாகப் பிற்பகலில்தான் உச்சம் தொடும். அதனால் வெப்ப நாட்களில் நான் ஓட்டப் பயிற்சியைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். தூசியைத் தடுக்கும் சாதாரண முகக்கவசத்தை நம்பி மதியம் கிளம்பாதீர்கள், ஓசோன் வாயு என்பதால் அது தடுக்காது. சன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தால் நாம் சுவாசிக்கும் ஓசோன் கணிசமாகக் குறையும்.