உடைந்த கண்ணாடியை மறுபடி உருக்குவது ஏன் சுற்றுச்சூழலுக்கு நல்லது?

மணல், சோடா சாம்பல் (சலவைச் சோடாவின் உலர்ந்த வடிவம்), சுண்ணாம்புக்கல் மூன்றையும் சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருக்கினால் கண்ணாடி. உலைக்கு எரிக்கும் எரிபொருளால் மாசு வருவது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு: சோடா சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் சூடேறும்போது, தமக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயுவை வெளியே விடுகின்றன. உலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பங்கு அப்படியேதான் இருக்கும்.

உடைந்த கண்ணாடி அந்த வாயுவை முதல்முறை உருகியபோதே விட்டுவிட்டது. இனி உருகினால் போதும். ஈர விறகில் சூட்டின் ஒரு பங்கு நீரை விரட்டவே போய்விடும், புகையும் அதிகம். காய்ந்த விறகு சட்டென்று பற்றிக்கொள்ளும். ஏறக்குறைய அதே கதை. கலவையில் ஒவ்வொரு 10 சதவீதம் பழைய கண்ணாடிக்கும் உலையின் ஆற்றல் தேவை சுமார் 2.5 முதல் 3 சதவீதம் குறைகிறது.

பாட்டிலை உருக்காமலே கழுவி மீண்டும் நிரப்புவது இதைவிட மேல் என்பேன், வெகுதூரம் சுமந்து செல்லாதவரை. பலமுறை சுற்றிவந்த பாட்டிலின் தோளில் வெளிறித் தேய்ந்த ஒரு வளையம் தெரியும். பக்கத்துப் பாட்டில்களோடு உரசிய தடம் அது.

கண்ணாடி போலிருக்கும் எல்லாம் ஒன்றாக உருகும் என்பது தவறு: வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரமும் பீங்கானும் பாட்டில் உலையில் சரியாக உருகாமல் புதுப் பாட்டிலில் கல்லாக நின்று அதைப் பலவீனமாக்கும், அவற்றைத் தனியே வையுங்கள்.