பேய்க்கும் பொலிசுக்கும் ஒரே தாள்

கேள்வி: பேயும் கொலையும் கலந்த இத்தாலியச் சித்திரக்கதைகளை வாசித்த என் நண்பர்கள், "சரியான இருட்டு, நாங்கள் பட்டதே காணும்" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், மாங்குளம்

பதில்: இருட்டு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் வன்னியில், பொருளாதாரத் தடைக்குள் வாசிக்கப் பழகியவன் நான். யாம் போத்தலின் அடியில் பஞ்சு, நாலு சொட்டு மண்ணெண்ணெய், ஒரு திரி. புத்தகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் கரி பிடிக்கும், தள்ளிப் பிடித்தால் கள்ளன் ஆர், துப்பறிவாளன் ஆர் என்று விளங்காது. சித்திரக்கதை நாயகன் இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார். "வன்னிக்கு வந்தால் எப்படி மறைவார்? இங்கே கரண்ட் இல்லையே" என்று தம்பி கேட்டான். இரண்டு நாள் வாக்குவாதம். சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட காலம் அது. மாயாவியையும் அப்படியே மறைக்கலாம் என்று அக்கா தீர்ப்புச் சொன்னா. பெடலைச் சுற்றுவது ஆர் என்பதில் அடுத்த சண்டை தொடங்கியது.

உங்கள் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1954இல் அமெரிக்கச் சித்திரக்கதை வெளியீட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதிக்கோவை எழுதிக்கொண்டார்கள். நடமாடும் பிணம், இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றுக்கும் தடை. அதே கோவையில் இன்னொரு விதி: பொலிசார், நீதிபதிகள், அரச அதிகாரிகள் மீது மதிப்புக் குறையும்படி எதையும் காட்டக்கூடாது. 1971இல் காட்டேரிக்கு வழி விட்டபோதுதான், குற்றம் செய்யும் அதிகாரியையும் வரையலாம் என்றார்கள், அவன் தண்டனை பெறுவதாக இருந்தால். பேயை அடக்குபவர்கள் கேள்வியையும் சேர்த்தே அடக்குகிறார்கள் என்று நான் இருபது வருடமாகக் கத்துவது இதனால்தான். சித்திரக்கதை சின்னப்பிள்ளைகளின் சாமான் என்று என்னோடு மல்லுக்கு நிற்பவர்கள் அந்தத் தாளை ஒருமுறை படிக்கட்டும்.

நீங்கள் கேட்ட இத்தாலியக் கதைகளில் பேய் என்பது முறைப்பாடு ஏற்கப்படாத ஆள். 1986இல் டிசியானோ ஸ்கிளாவி படைத்த துப்பறிவாளன் டைலன் டாக், லண்டன் பொலிசான ஸ்காட்லாந்து யார்டை விட்டு வெளியே வந்தவர். மற்றவர்கள் சிரித்துத் தள்ளும் முறைப்பாட்டை அவர் உட்கார்ந்து கேட்கிறார். எனக்கு அது போதும்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஒவ்வாதது. நம் இளம் ஓவியர்கள் சிலர் காணாமலாக்கப்பட்டவர்களைப் பேயாக வரைந்து அனுப்புகிறார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் படங்களோடு வந்து குந்திய அம்மாமார், பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். செத்துவிட்டான் என்று எவரும் பொறுப்பேற்றுச் சொல்லாத பிள்ளையை நாங்கள் எப்படிப் பேயாக்குவது? போன மாதம் அப்படி ஒரு கதையைத் திருப்பி அனுப்பினேன். நல்ல கை அந்தப் பெடியனுக்கு. கறுப்பு மையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.